பவுல்ராஜ் நெஞ்சில் யார் வைத்த புகை

அத்தியாயம் 6

பின்சியின் இடது முழங்கால் காலையிலிருந்தே அவளைத் திட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து வயதில் ஏலப்பாறைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கிய கால். நாற்பத்தைந்து வயதில் ஆனைக்கரை பஸ் நிறுத்தத்திலிருந்து தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு ஏறுவதற்குள் நாலு இடத்தில் நிற்கச் சொன்னது. மழை வேறு. மண் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கியது.

பின்னால் நசீம் இளைத்துக்கொண்டு வந்தான். கட்டப்பனையில் ஒரு பேக்கரி மாடியில் பின்சி நடத்தும் துப்பறியும் ஆபீசில் அவன் ஒருவன்தான் ஊழியன். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் மசாலாக் கடை வைத்திருக்கும் குஞ்சு முகம்மதுவின் மகன். கல்லாவில் உட்கார் என்று வாப்பா சொன்ன மறுநாள் மலைக்கு பஸ் ஏறியவன்.

"அக்கா, அந்த டாக்டரம்மா சொன்னதக் கேட்டதுலிருந்து நெஞ்சு படபடங்குதுங்க. ஒரு சிகரெட் இழுத்தாத்தான் சரியாவும்."

"இழுத்துக்கோ. ஒன் மய்யத்துக்கு நானே டீ போடுதேன்."

அவன் பெட்டியைத் திரும்பப் பைக்குள் போட்டான். அது எப்படியும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

விஷயம் இதுதான். போன வாரம் ஒரு காலையில் சிவப்பிரகாஷ் என்பவரின் ஏலத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தில், பவுல்ராஜ் என்ற தொழிலாளி செத்துக் கிடந்தான். பக்கத்தில் பீடித் துண்டுகள் கிடந்தன. பீடி குடித்தே நெஞ்சு அடைத்துப் போய்விட்டான் என்றார் முதலாளி. அன்று சாயங்காலமே புதைத்தாயிற்று. அறுத்துப் பார்க்கவில்லை. சொந்தப் பழக்கத்தால் செத்தவனுக்குத் தோட்டம் பொறுப்பில்லை, நஷ்டஈடு கிடையாது, ஞாயிற்றுக்கிழமைக்குள் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டும் என்று அவன் மனைவி சாந்தம்மாளுக்குச் சொல்லியனுப்பிவிட்டார். இன்று சனிக்கிழமை. சாந்தம்மாளுக்கு அந்த அறையை விட்டால் போக வேறு இடம் இல்லை. அவள்தான் பின்சிக்கு ஆள் அனுப்பியிருந்தாள்.

பவுல்ராஜுக்கு முன்பு ஒரு தடவை வைத்தியம் பார்த்த ஆர்த்தி டாக்டரைக் காலையில் போய்ப் பார்த்திருந்தார்கள். பீடிப் புகையா விறகுப் புகையா என்று நெஞ்சு விசாரிப்பதில்லை என்றாள் அவள். எந்தப் புகையானாலும் அதிலுள்ள பொடிக்கரி நுரையீரலின் கடைக்கோடி அறை வரை போய்ப் படிகிறது. அங்கிருந்து ரத்தத்தில் இறங்குகிறது. ரத்தக்குழாயின் உள்தோல் சொரசொரத்து, அதில் கொழுப்பு ஒட்டி, பாதை குறுகுகிறது. ரத்தமும் பிசுபிசுத்துக் கட்டி தட்டுகிறது. போதாததற்கு அரைகுறையாய் எரிகிற எதிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசம் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

"பஸ்ஸுல ஜன்னல் வழியாத் துண்டப் போட்டு சீட்டுப் புடிக்கிற ஆளு மாதிரிங்களா?" என்று கேட்டிருந்தான் நசீம்.

அதே ஆள்தான், லேசில் இறங்க மாட்டான் என்று டாக்டரும் ஒத்துக்கொண்டாள். காற்றில்லாத ரத்தத்தை வைத்துக்கொண்டு இதயம் பேய் மாதிரி இறைக்கும். ஏற்கெனவே குழாய் சுருங்கியவன் முதலில் விழுவான்.

"பவுல்ராஜுக்குப் பீடி பாதையச் சுருக்கி வெச்சிருந்தது நெசம். அன்னைக்கு எந்தப் புகை வந்து அடைச்சுதுன்னு, மண்ணுக்குள்ள போனவரைக் கேட்டு என்னால சொல்ல முடியாது" என்று முடித்துவிட்டாள்.

அதனால்தான் இந்த ஏற்றம்.

லயத்து அறையில் ஜெபம் முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. சபைப் போதகர் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார். சாந்தம்மாளின் தம்பி சின்னமுத்து வெள்ளைச் சட்டையில் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். மச்சான் பவுல்ராஜோடு அதே ஸ்டோரில் வேலை பார்த்தவன். பெந்தெகொஸ்து சபையில் ஞானஸ்நானம் வாங்கி யோபு என்று பெயர் மாற்றிக்கொண்டவன், ஆனால் மலையில் ஒருத்தரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. பின்சி கேட்டதற்கெல்லாம் தரையைப் பார்த்தபடி ஆமாம் என்றான். பிறகு உலை மூட்ட நேரமாகிறது என்று சொல்லிச் சட்டை மாற்றப் போய்விட்டான்.

சாந்தம்மாள் அழுது முடித்திருந்தாள். இப்போது அவளிடம் கோபம்தான் இருந்தது.

"அவுக பீடி குடிப்பாக, இல்லைன்னு சொல்லல. ஆனா ஸ்டோருக்குள்ள பத்த வைக்க மாட்டாக. ஏலக்காய் பக்கத்துல எது இருக்கோ அந்த வாசத்தக் குடிச்சிரும். வெலை போகாது. பீடிக்கட்ட வெளிய செவுத்து மேல வெச்சிட்டுத்தான் உள்ள போவாக. எம்மேல இல்லாத பயம் காய் மேல உண்டு அந்த மனுசனுக்கு."

நசீமுக்குப் பசி. கொடுத்த டீயை வாயில் வைத்தான். முகம் ஒரு பக்கமாகக் கோணியது. டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் மோந்தான், மறுபடி குடித்தான், மறுபடி மோந்தான்.

"அக்கா, டீயில ஏலக்காய் போட்டிருக்காங்க. ஏலக்காய்ல வெறகு போட்டிருக்காங்க."

பின்சியும் குடித்துப் பார்த்தாள். நடந்து வந்த களைப்பில் அவளுக்கு முதலில் சூடு மட்டும்தான் தெரிந்தது. இரண்டாவது வாயில் தெரிந்தது. டீக்கு அடியில், பச்சை விறகு புகைந்த கசப்பு.

எங்கே அந்தக் காய் என்று கேட்டாள். சாந்தம்மாள் மூலையிலிருந்து ஒரு பையை எடுத்துக் காட்டினாள். அடக்கத்துக்கு வருகிறவர்களுக்கு டீ போட என்று முதலாளியே கொடுத்தனுப்பினாராம். அதைச் சொல்லும்போது அவளுக்கே ஆச்சரியம் அடங்கவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து போகிற பெண்களை வாசலில் நிறுத்தி, மடியை உதறச் சொல்லிப் பார்க்கிற மனுஷன் அவர்.

நசீம் ஒரு கை அள்ளிப் பார்த்தான். திரண்ட காய், கிளிப்பச்சை. "கண்ணுக்கு ராஜா வீட்டுப் பிள்ளையாட்டம் இருக்குதுங்க. மோந்தா கருவாடு சுட்ட அடுப்பு. பீடி வாசம் துளிகூட இல்லீங்க, அத்தனையும் வெறகு."

போதகர் தன் டம்ளரைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு கொட்ட மனமில்லாமல் குடித்து முடித்தார்.

பின்சி எழுந்து முழங்காலை நீவிக்கொண்டாள். "வா, அந்தத் தர்மப்பிரபுவப் பாத்துட்டு வருவோம்."

ஸ்டோர் சரிவுக்குக் கீழே இருந்தது. வெளிச்சுவரில் விறகு உலை. அதிலிருந்து கனத்த இரும்புக் குழாய்கள் சுவரைத் துளைத்து உள்ளே போய், காய் பரப்பிய தட்டுகளுக்கு அடியில் ஓடி, மறுபக்கம் புகைக்கூண்டு வழியாக மேலே போகும். குழாய் சுட, அறை சுடும். காய் அந்தச் சூட்டில் காய வேண்டும். புகை மட்டும் குழாயை விட்டு வெளியே வரக் கூடாது. மழைக் குளிரில் நடுங்குகிற ஆட்கள் ராத்திரிக் காவலுக்கு அந்த அறைக்குள்ளேயே சாக்கை விரித்துப் படுப்பது இந்த மலையில் வழக்கம். பவுல்ராஜும் அப்படித்தான் படுத்தான். மலையிலேயே கதகதப்பான படுக்கை அது, இனாமாகக் கிடைப்பது.

சிவப்பிரகாஷ் போடிப் பக்கத்திலிருந்து வந்து தோட்டம் வாங்கியவர். ஆபீஸ் அறையில் விரலிடுக்கில் சிகரெட்டோடு உட்கார்ந்திருந்தார். பவுல்ராஜ் கெட்ட பழக்கத்தால் போனான் என்று பெருமூச்சு விட்டு, அதே மூச்சில் புகையையும் விட்டார். சாம்பல் கிண்ணத்தில் கிடந்த துண்டுகள் எல்லாம் பஞ்சு வரை இழுக்கப்பட்டவை. ஆதாரம் வேண்டுமா என்று மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் போட்டார். செத்தவன் பக்கத்தில் கிடந்த பீடித் துண்டுகள்.

பின்சி அவற்றை மேசையில் கொட்டினாள். வரிசையாக வைத்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"நசீமு, இதுல என்ன தப்பு?"

"எல்லாம் முழுசா இருக்குதுங்க. நுனி மட்டும் கருகியிருக்குது."

"நாள் முழுக்க மண்வெட்டி பிடிச்சவன் எவனாவது முக்காப் பீடியத் தூரப் போட்டுப் பாத்திருக்கியா? அணைஞ்சா காதுல சொருகி வெச்சு மறுபடி பத்த வைப்பான். நூல் சுடுற வரைக்கும் விட மாட்டான். எங்கய்யாவுக்கு ஒதடு பூரா தழும்பு."

வாயில் வைக்கும் பக்கத்தையும் புரட்டிக் காட்டினாள். பல் பட்டு நசுங்கவில்லை, எச்சில் பட்ட கறை இல்லை. அன்றுதான் கட்டைப் பிரித்த மாதிரி உருண்டையாக இருந்தன.

கவருக்குள் பற்றவைக்காத பீடி ஒன்றும் கிடந்தது. அதை நசீமிடம் கொடுத்துப் பற்றவைக்கச் சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது. இழுக்கக் கூடாது, தீக்குச்சியால் நுனியைக் கொளுத்தி ஜன்னல் விளிம்பில் வை என்றதும் சுண்டிப்போனது. வைத்தான். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீடி கொஞ்சம் கனன்றது, ஒரு இழை புகை விட்டது, பிறகு தானாக அணைந்துபோனது. எடுத்து மற்றவற்றோடு வரிசையில் வைத்தபோது எது புதியது என்று சொல்ல முடியவில்லை.

"சிகரெட்டு தன்பாட்டுக்கு எரியும். பீடிய ஆள் இழுத்துக்கிட்டே இருந்தாத்தான் எரியும்" என்றாள் பின்சி. "இத ஒருத்தரும் குடிக்கல, மொதலாளி. கொளுத்திப் போட்டிருக்காக."

அப்படியானால் யார் போட்டிருப்பார்கள் என்று சிவப்பிரகாஷ் சத்தம் போட்டார். அவர் சத்தம் அடங்கும் வரை பின்சி காத்திருந்தாள். பிறகு சாந்தம்மாள் கொடுத்த பையிலிருந்து ஒரு கை ஏலக்காயை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். இவ்வளவு நல்ல காயை லேலத்தில், அதாவது ஏலம் விடும் இடத்தில், வைத்து விற்காமல் சாவு வீட்டு டீக்குக் கொடுத்தது ஏன் என்று கேட்டாள்.

அவர் சாம்பல் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஸ்டோர் பூரா பொகை. காய் பூராவும் அதக் குடிச்சிருச்சு. லேலத்துல மோந்து பாத்ததும் தள்ளிருவாக. குப்பையில கொட்ட ஒமக்கு மனசு வரல. செத்தவன் பேரச் சொல்லித் தானம் பண்ணுனா புண்ணியத்துக்குப் புண்ணியம், கழிச்ச காயும் செலவாவும்."

"சாட்சியவே டீ போட்டுக் குடுத்துட்டாருங்க" என்றான் நசீம். "நாங்களும் குடிச்சுட்டமுங்க. போதகர் ரெண்டு டம்ளர்."

சிவப்பிரகாஷ் சிகரெட்டை நசுக்கினார். உட்கார்ந்தபடியே அவர் கொஞ்சம் சுருங்கின மாதிரி இருந்தது. ஆமாம், அன்று காலையில் உள்ளே புகை இருந்தது, கதவுகளைத் திறந்து வைத்துத் நானேதான் வெளியேற்றினேன் என்று ஒத்துக்கொண்டார். கேஸ் வரும், ஸ்டோரைப் பூட்டுவார்கள், பறித்த காய் அழுகிப்போகும் என்று பயந்து மூடி மறைத்தாராம். மனுஷன் அழுகுவதைப் பற்றி அந்தப் பயத்தில் ஒன்றும் இல்லை.

"ஆனா பீடித் துண்டு நான் போடலம்மா. சத்தியமா. நான் வரும்போதே கெடந்துச்சு. அதப் பாத்ததும் எனக்குத் தப்பிக்க வழி தெரிஞ்சிச்சு, அவ்வளவுதான். இன்னொண்ணு, குழாய்ல ஓட்டையே இல்ல. விளக்க வெச்சு நானே தேடிட்டேன். பொகை எப்படி உள்ள வந்துச்சுன்னு இந்த நிமிசம் வரைக்கும் எனக்கு வெளங்கல."

நசீம் நம்பவில்லை. கண்ணால் கேலி செய்தான். பின்சி நம்பினாள். அவள் பார்வை சாம்பல் கிண்ணத்தில் இருந்தது. பஞ்சு வரை இழுக்கிறவனுக்குப் பீடி போடத் தெரியும். ஒரு ஆளை ஏமாற்ற வேண்டுமானால் நாலு இழுப்பு இழுத்து, நசுக்கி, முறையாகச் செய்திருப்பான். இந்தத் துண்டுகளைப் போட்டவன் ஜென்மத்தில் வாயில் பீடி வைத்துப் பார்க்காதவன். இழுக்காவிட்டால் அணைந்துவிடும் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. ஒன்று அணைய, இன்னொன்றைக் கொளுத்தி, அதுவும் அணைய, கட்டில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் தீர்த்திருக்கிறான்.

பீடி குடிக்காத ஆம்பிளை இந்தத் தோட்டத்தில் யார் என்று அவள் கேட்க வாயெடுத்தபோது, வெளியே உலைப் பக்கம் விறகு போடும் சத்தம் கேட்டது.

தூறலில் சின்னமுத்து குனிந்து விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தான், மழைக்கு இங்கே எல்லோரும் போடுகிற மாதிரி. அவன் முதுகு இவர்கள் பக்கம் இருந்தது. சாக்கின் பின்பக்கத்தில், அவன் தலைக்குப் பின்னால், வட்டமாக ஒரு கரி வளையம். கும்பா மூடி அளவில், அச்சுக் குத்தின மாதிரி.

"படத்துல புனிதருக்குப் போடுவாங்களே அந்த வட்டம். இவருக்குக் கறுப்புல போட்டுட்டாங்க போலிருக்குதுங்க" என்றான் நசீம்.

பின்சி நிமிர்ந்து புகைக்கூண்டைப் பார்த்தாள். உச்சியில் மூடி இல்லை. வாயும் அதே அளவு, அதே வட்டம். விளிம்பைச் சுற்றிக் கம்பி கட்டிக் கட்டித் துரு தேய்ந்த தடம் இருந்தது.

"மூடி எங்க போச்சு?" என்று முதலாளியைக் கேட்டாள்.

மழை தொடங்கின காற்றில் பறந்துவிட்டது, புதிது போட வேண்டும் என்றார். மழை தொடங்கி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. உலை எரியாத நேரத்தில் கூண்டுக்குள் மழை இறங்காமல் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டதற்கு, அது ஆட்கள் பாடு, ஏதாவது செய்து மூடிக்கொள்வார்கள் என்றார்.

சின்னமுத்து திரும்பினான். அவர்கள் மூன்று பேரும் தன் தலையைப் பார்ப்பதைப் பார்த்தான். மெதுவாகச் சாக்கைக் கழற்றி, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். நல்ல சாக்கு, கிழியாதது. முக்காப் பீடியைப் போடாத அதே சாதி ஆள்தான் அவனும். தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்திருந்தால்கூட அதை எறிய அவனுக்குக் கை வந்திருக்காது. அவன் விறகின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

பின்சி அதட்டவில்லை. அவனே சொன்னான். மழை வந்தால் ஏறிச் சாக்கை நனைத்துக் கூண்டு வாயில் போட்டுக் கம்பி கட்டுவது அவன் வேலை. உலை மூட்டும் முன் அவிழ்ப்பதும் அவன் வேலை. அன்று ராத்திரி சபையில் உபவாச ஜெபம். நேரமாகிவிட்டது என்று சாக்கை அவிழ்க்காமலே உலையை மூட்டிவிட்டு ஓடினான். போகும்போது மச்சான் உள்ளே சாக்கு விரித்துக்கொண்டிருந்தான். பாட்டுப் பாடிக் கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில், போக வழியில்லாத புகை குழாய் மூட்டுகளில் கசிந்து அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பவுல்ராஜ் எழுந்திருக்கவேயில்லை. காலையில் முதலில் வந்தவன் சின்னமுத்து. பார்த்தான். கூண்டில் ஏறிச் சாக்கை அவிழ்த்தான். வெளிச்சுவர் மேல் மச்சான் வைத்திருந்த பீடிக்கட்டு கண்ணில் பட்டது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

"பீடி கெட்டதுன்னு போதகர் எப்பவும் சொல்லுவாரு" என்றான். "அதுமேலயே போட்டுட்டேன். கெட்டதுமேல பழி போட்டா பாவமில்லைன்னு தோணுச்சு."

நசீம் சிகரெட் பெட்டியை எடுத்து, திறக்காமலே மறுபடி பைக்குள் போட்டான்.

சிவப்பிரகாஷின் முகத்தில் மட்டும் உயிர் திரும்பியிருந்தது. அப்போ இவன்தான் செய்தது, தோட்டத்துக்கு இதில் சம்பந்தமில்லை, போலீசைக் கூப்பிடலாமே என்று ஆரம்பித்தார்.

"கூப்பிடுங்க" என்றாள் பின்சி. "வந்தா மொதல்ல மூடிதான் எங்கன்னு கேப்பாக. வேலையெடத்துல வேலைக்காரன் கைத்தப்புல ஆள் செத்தாலும் ஈடு குடுக்க வேண்டியது மொதலாளிதான். பொகை வந்தது தெரிஞ்சும் மறைச்சது தனிக் கேஸ். மிச்சக் காயும் உள்ளதான் இருக்கு, மோந்து பாக்க மூக்கும் எங்கிட்ட இருக்கு."

நசீம் தன் மூக்கை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான்.

வேலை நேரத்தில், தோட்டத்து ஸ்டோரில், புகையால் நடந்த மரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட அவருக்கு ஒரு சிகரெட் நேரம் பிடித்தது. சின்னமுத்து சாக்கை அவிழ்க்காததையும், அறையைக் காலி செய்ய வேண்டியதில்லை என்பதையும் பின்சி சேர்த்து எழுதவைத்தாள். அன்று உலை மூட்டப்படவில்லை.

மேலே ஏறும்போது சின்னமுத்து அவர்கள் பின்னால் வந்தான், சாக்கில்லாமல் நனைந்துகொண்டே.

"எழுதினதுல ஒன் பேரும் இருக்குலே" என்றாள் பின்சி, திரும்பாமலே. "நாளைக்கு யாராவது ஒங்கக்காளுக்கு வாசிச்சுக் காட்டுவாக. அதுக்கு முன்னால நீ சொல்லிரு. அத நான் சொல்ல மாட்டேன்."

அறை வாசலில் பின்சி சாந்தம்மாளிடம் செய்தியைச் சொன்னாள். புகைதான், பீடி இல்லை. வேலையில் நடந்த சாவு. அறை அவளுக்குத்தான். சாந்தம்மாள் தன் புருஷன் ஸ்டோருக்குள் பீடி பற்றவைக்கவில்லை என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். ஏம்லே இப்படி நனைஞ்சு வந்திருக்க என்று அவனை உள்ளே இழுத்து, தன் முந்தானையால் தலையைத் துவட்டிவிட்டாள். இந்த ஒரு வாரமாக நீ இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்றாள்.

சின்னமுத்து வாயைத் திறந்தான். அவள் அவன் கையில் சோற்றுத் தட்டைக் கொடுத்தாள். அவன் உட்கார்ந்தான், சாப்பிட்டான், கை கழுவினான்.

பின்சியும் நசீமும் இறங்கும்வரை அவன் ஒன்றும் சொல்லவில்லை. பவுல்ராஜ் எப்படிச் செத்தான் என்பதை அக்காளிடம் சொல்ல வேண்டிய கடன் அவனுக்கு இருந்தது. அந்தக் கடன் அப்படியே இருந்தது.